பழைய படமும் புதிய தெளிவும்

விஞ்ஞானப் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எமது கல்லூரியின் விழா மலரில் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகவும் சிலருக்கு நகைப்பாகவும் தோன்றக்கூடும். இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பவனுக்கு விண்வெளிக் கப்பல்களோடு என்ன தொடர்பு என்று வினவுவாரும் உளர். வினா நியாயமானதே. ஆயினும், பழைய தொடர்களை உயர்தெளிவு வடிவிற் புதுப்பிக்கும் முயற்சி பொறியியலாளர் மாத்திரம் பேசி முடிக்கத்தக்க பொருளன்று. பழைய ஆக்கமொன்றை அடுத்த தலைமுறையின் கையில் எவ்வடிவிற் கொடுப்பது, எதனைத் திருத்தலாம், எதனைத் தொடலாகாது என்பனவே அதன் நடுவில் நிற்கும் வினாக்கள். இவ்வினாக்களோடு ஏடு படித்தோரும் பதிப்பாசிரியரும் நெடுங்காலம் போராடியிருக்கின்றனர். ஆதலின், இப்பொருளிற் கருத்துச் சொல்லத் தமிழாசிரியனுக்கும் சிறிது உரிமை உண்டென நம்பி இதனை எழுதுகின்றேன்.

எனது கருத்தை முதலிலேயே கூறிவிடுதல் நன்று. பழைய தொடரொன்றின் மூலப் பிலிமைத் தேடிச் சென்று அதிலுள்ளதை வெளிக்கொணரும் புதுப்பிப்பு வரவேற்கத்தக்கது. மூலத்தில் இல்லாததைச் சேர்க்கும் புதுப்பிப்பு, மூலத்தையும் உடன் தருமாயின், பொறுக்கத்தக்கது. மூலத்தை மறைத்துவிட்டுத் தன்னையே மூலமெனக் காட்டும் புதுப்பிப்போ கண்டிக்கத்தக்கது. இம்மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை நமது மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தொடர்கள் அவ்வளவு பேணத்தக்கனவோ என்ற ஐயத்தை முதற்கண் நீக்குவோம். 1966ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆந் தேதி அமெரிக்காவில் என்.பி.சி. ஒளிபரப்பில் ‘ஸ்ரார் ட்ரெக்’ என்னும் தொடர் தொடங்கிற்று. அது மூன்று ஆண்டுகள் நடைபெற்று 79 பகுதிகளோடு நின்றுபோயிற்று. அதன் பாறைகள் பொய்ப்பாறைகள் என்பதைக் குழந்தையும் கண்டுகொள்ளும். ஆயினும், அக்கப்பலின் தளத்தைப் பாருங்கள். கறுப்பினப் பெண்ணொருவர் அங்கே அதிகாரி; அப்பாத்திரத்தை ஏற்றவர் நிசெல் நிக்கல்ஸ். யப்பானிய வழிவந்த ஜோர்ஜ் டக்கேய் கப்பலைச் செலுத்துகிறார். அமெரிக்காவும் சோவியத் நாடும் பகைத்து நின்ற அக்காலத்தில், 1967ஆம் ஆண்டு தொடங்கிய இரண்டாவது பருவத்தில், ருஷ்ய இளைஞன் ஒருவனும் அத்தளத்தில் வந்து அமர்கிறான். முதலாம் ஆண்டின் பின் நிக்கல்ஸ் தொடரை விட்டு நீங்க எண்ணியபோது, மார்ட்டின் லூதர் கிங் தம்மைச் சந்தித்து நீங்கலாகாதென வற்புறுத்தினார் என்பதை அவர் பின்னாளிற் பலமுறை எடுத்துரைத்துள்ளார். அப்பாத்திரத்தைக் கண்டு ஊக்கம் பெற்றதாகக் கூறிய மே ஜெமிசன் அம்மையார் 1992ஆம் ஆண்டில் விண்ணுக்குச் சென்ற முதலாவது ஆபிரிக்க அமெரிக்கப் பெண்மணி ஆனார். அடுத்த ஆண்டில் அத்தொடரின் வழித்தோன்றலாகிய தொடரொன்றிற் சிறு பாத்திரமேற்று நடித்தும் உள்ளார். பொய்ப்பாறைகளுக்கு இடையில் நிகழ்ந்த கதை மெய்யான வாழ்வைத் தொட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

எமது நாட்டினர்க்கும் இத்துறை புறம்பானதன்று. 1956ஆம் ஆண்டு முதல் 2008ஆம் ஆண்டில் மறையும்வரை இலங்கையையே தம் வீடாகக் கொண்ட ஆதர் சி. கிளார்க், 1945ஆம் ஆண்டிலேயே, பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுழலும் செய்கோள்களால் உலகெங்கும் ஒலிபரப்பை அஞ்சல் செய்யலாம் என எழுதியவர். புனைகதை எழுதிய கையே அதனையும் எழுதிற்று. ஆதலின், விஞ்ஞானப் புனைகதை சிறுவர் விளையாட்டென்று தள்ளிவிடத்தக்கதன்று.

இனி, புதுப்பித்தல் என்பது யாது என நோக்குவோம். பழைய தொடர்கள் இருவகைப் பொருள்களிற் பதிவாயின. ஒன்று பிலிம், மற்றது வீடியோ நாடா. அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழைய முறையில் ஒரு படம் 525 கோடுகளால் ஆனது; அவற்றுட் படத்தைத் தாங்குவன ஏறத்தாழ 480. இலங்கையும் பிரித்தானியாவும் கைக்கொண்ட முறையில் 625 கோடுகள். படத்தைத் தாங்குவன 576. இன்றைய உயர்தெளிவுப் படத்திலோ 1080 கோடுகள் உள. கோடொன்றில் 1920 புள்ளிகள். பெருக்கிப் பார்த்தால் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் வரும். பழைய அமெரிக்கப் படத்தை 720க்கு 480 எனக் கணினியிற் கொண்டால் வருவன 3,45,600 புள்ளிகளே. புதியது அதன் ஆறு மடங்கு.

திரையரங்குக்கு உரிய 35 மில்லிமீற்றர்ப் பிலிமிற் படமாக்கப்பட்ட தொடர், அக்காலத் தொலைக்காட்சிப் பெட்டி காட்ட வல்லதினும் பன்மடங்கு நுட்பத்தைத் தன்னுள் வைத்திருந்தது. நடிகரின் உடையிலுள்ள நெசவும், சுவரிலுள்ள எழுத்தும், கண்ணிலுள்ள ஈரமும் பிலிமிற் பதிந்தன. வீட்டுத் திரையில் வரவில்லை. நாற்பது ஆண்டுகளின் பின் அந்த நெகட்டிவைக் கழுவித் துடைத்து, புள்ளி புள்ளியாக வாசித்தெடுக்கும்போது, ஆக்கியோன் கண்டதும் பார்ப்போன் காணாததுமாகிய படம் வெளிப்படுகின்றது. இங்கே எதுவும் புதிதாகச் சேர்க்கப்படவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். நாடாவிற் பதிந்த தொடருக்கோ இவ்வாய்ப்பு இல்லை. நாடாவில் உள்ள கோடுகளே அதன் எல்லை. ‘ருவைலைற் சோன்’ என்னும் தொடரின் இரண்டாவது பருவத்திற் செலவைக் குறைக்க எண்ணி ஆறு பகுதிகளைப் பிலிமை விடுத்து நாடாவிற் பதிந்தனர். மற்றைப் பகுதிகளெல்லாம் இன்று பளிச்செனத் தெரிய, அவ்வாறும் என்றென்றும் மங்கலாகவே நிற்கின்றன. அன்று மிச்சம் பிடித்த பணம் எவ்வளவு சிறிது, அதன் விலை எவ்வளவு பெரிது!

‘ஸ்ரார் ட்ரெக்’ தொடரின் நாற்பதாவது ஆண்டாகிய 2006இல் அதனைப் புதுப்பித்தோர் இருவேறு பணிகளை ஒருங்கே செய்தனர். முதலாவது, நெகட்டிவிலிருந்து படத்தை மீண்டும் வாசித்து நிறத்தையும் தெளிவையும் மீட்டமை. இரண்டாவது, விண்வெளிக் கப்பலும் கோள்களும் தோன்றும் காட்சிகளைக் கணினியாற் புதிதாகத் தீட்டிப் பழையனவற்றின் இடத்தில் வைத்தமை. முதலாவதை மெச்சாதார் இலர். இரண்டாவதைப் பற்றிக் கருத்து இரண்டுபட்டது. பழைய காட்சிகள் பலமுறை படியெடுத்து ஒட்டப்பட்டமையால் மாசும் மங்கலும் உடையன என்பது உண்மை. எனினும், அவை 1966ஆம் ஆண்டின் கைவினைஞர், பதினொரு அடி நீளமான மாதிரியுருவொன்றை வைத்துக்கொண்டு தம் காலத்துக் கருவிகளால் இயற்றியவை. அவற்றை நீக்கிவிட்டால் நாம் காண்பது 1966ஆம் ஆண்டின் நடிப்பும் 2006ஆம் ஆண்டின் கப்பலும் கலந்த ஒன்றாகும்.

இவ்விடத்திற் புதுப்பித்தோர் செய்த நற்செயல் ஒன்றுண்டு. 2009ஆம் ஆண்டில் அத்தொடர் புளூ-ரே வட்டில் வெளிவந்தபோது, பழைய காட்சிகளையோ புதியவற்றையோ விரும்பியவாறு தெரிந்து பார்க்கும் வசதி அதிற் செய்யப்பட்டிருந்தது. இது நேர்மையான வழி. மாற்றத்தைச் செய்தவன், மாற்றத்தின் முன் இருந்ததையும் நம் கண்முன் வைத்து, தீர்ப்பை நம்மிடமே விட்டுவிடுகிறான். ஆனால் வட்டில் இருந்த இவ்வசதி இணையவழி ஒளிபரப்புகளில் எப்போதும் கிடைப்பதில்லை. முதன்முதல் அங்கே பார்க்கும் இளைஞன், தான் காண்பதே 1966இல் ஒளிபரப்பானது என எண்ணுவானாயின் அது அவன் பிழையன்று.

அப்பதினொரு அடி மாதிரியுருவின் வரலாறும் இதற்கு ஒப்பானதே. அது 1974ஆம் ஆண்டில் சிமித்சோனியன் வான், விண்வெளி நூதனசாலைக்கு வழங்கப்பட்டது. இடையிற் செய்த திருத்தமொன்றில் அதன்மேற் கனத்த கோடுகளும் நிழல்களும் தீட்டப்பட்டமை கண்டு பலரும் வருந்தினர். பின்பு 2016ஆம் ஆண்டில் நிறைவுற்ற திருத்தத்தில், வட்டவடிவான மேற்பகுதியின் மேற்றளத்தில் எஞ்சியிருந்த மூல வர்ணத்தைத் தொடாது விட்டு, ஏனைய பகுதிகளை அதற்கு இயையத் தீட்டினர். எஞ்சிய சிறிதளவு மெய்யை அளவுகோலாகக் கொண்டு மற்றதைத் திருத்தும் இம்முறையே அறிவுடையோர் முறை.

அடுத்து, 1987 முதல் 1994 வரை ஒளிபரப்பான ‘ஸ்ரார் ட்ரெக்: அடுத்த தலைமுறை’ என்னும் தொடரை நோக்குவோம். இதன் நடிப்புக் காட்சிகள் 35 மில்லிமீற்றர்ப் பிலிமிலேயே எடுக்கப்பட்டன. ஆனால் அவற்றை வெட்டி ஒட்டியதும், விண்வெளிக் காட்சிகளை இணைத்ததும் வீடியோ நாடாவில். ஆகவே, முழுமை பெற்ற தொடர் நாடாவில் மட்டுமே இருந்தது. பிலிமில் இருந்தவை உதிரித் துண்டுகளே. 2012 முதல் 2014 வரை ஏழு பருவங்களையும் உயர்தெளிவில் வெளியிட்டோர், பெட்டகங்களில் அடைபட்டிருந்த சுருள்களை வெளியே எடுத்து, ஒவ்வொரு வெட்டும் எந்தச் சுருளின் எந்த இடத்தினின்று வந்தது எனத் தேடிக் கண்டு, தொடர் முழுவதையும் மீளவும் கோத்தனர்.

விண்வெளிக் காட்சிகளில் வேலை இன்னும் கடினமானது. கப்பலின் மாதிரியுருவை ஒரே பாதையில் ஓடும் கமெராவாற் பலமுறை படம்பிடிப்பது அக்கால வழக்கம். ஒருமுறை கப்பலின் உருவம். ஒருமுறை அதன் சாளர விளக்குகள். ஒருமுறை பின்னணியிலிருந்து அதனைப் பிரித்தெடுக்க உதவும் நிழலுரு. இவற்றையெல்லாம் தனித்தனியே வாசித்து, பழைய காட்சியின் அசைவோடு அணுவும் பிசகாது ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினர். நாடாவிலேயே வரைந்து சேர்க்கப்பட்ட ஒளிக்கற்றைகள் போன்றவற்றுக்குப் பிலிம் இல்லை. அவற்றைப் பழையதன் சாயலிலேயே புதிதாக ஆக்கினர். எங்குத் தேடியும் பிலிம் அகப்படாத சில கணநேரத் துண்டுகளில், நாடாவில் இருந்த மங்கிய படத்தையே பெருக்கி வைத்தனர். அவ்விடங்களிற் படம் திடீரென மங்கும். மங்கட்டும். ஏட்டில் எழுத்துச் சிதைந்த இடத்திற் புள்ளியிட்டுக் காட்டும் பதிப்பாசிரியனின் நாணயம் அந்த மங்கலில் இருக்கின்றது.

இத்துணை உழைப்பின் பலன் யாது? கோடிக்கணக்கான டொலர் செலவாகிய அப்பதிப்பு எதிர்பார்த்த அளவு விலைபோகவில்லை என அப்பணியோடு தொடர்புடையோரே கூறியுள்ளனர். அதன் பயனாக, அதேபோன்று பிலிமில் எடுத்து நாடாவிற் கோத்த ‘டீப் ஸ்பேஸ் நைன்’ (1993–1999), ‘வொயேஜர்’ (1995–2001) என்னும் தொடர்கள் முழுமையாகப் புதுப்பிக்கப்படாமலே கிடக்கின்றன. முன்னையதைப் பற்றி 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஆவணப்படத்துக்காக அதன் சில காட்சிகள் மாத்திரம் பிலிமிலிருந்து மீட்டெடுக்கப்பட்டன. அதற்கும் பொருள் தந்தவர் பெருநிறுவனத்தாரல்லர். அத்தொடரை விரும்பிய மக்களே சிறுகச் சிறுகத் திரட்டிக் கொடுத்தனர். வணிகக் கணக்கு முடிந்த இடத்தில் அன்பு தொடங்குகின்றது. நல்ல நூல்கள் பலவும் அச்சேறிய வரலாறு இதுதானே.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் (1832–1901) 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்தார்கள். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அவர்களின் சீவகசிந்தாமணிப் பதிப்பும் வெளிவந்தது. பூச்சி தின்ற ஏடுகளை ஊர் ஊராகத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, மூலத்தின் மெய்யான பாடத்தை அவர்கள் நாடினர். ஐயரவர்களின் பதிப்புக்களில் ஏடுகளுக்கிடையே கண்ட பாடபேதங்கள் அடிக்குறிப்பாகக் காட்டப்பட்டன. தாம் ஏற்றுக்கொள்ளாத பாடத்தையும் மறைக்காது வைத்தமையால், பின்வந்தோர் அவர்தம் முடிவையும் மீளாய்வு செய்ய முடிந்தது. செய்யுள் ஓசை நயமாக அமையவேண்டும் என்று தம் சொல்லை இடையிற் செருகிய ஏடெழுதுவோரும் இருந்தனர். அவர்கள் தீய எண்ணத்தினர் அல்லர். நூலைச் செம்மைப்படுத்துவதாகவே எண்ணினர். ஆயினும், அவர்தம் செருகலைப் பிரித்தெடுக்கப் பின்வந்த அறிஞர் பட்ட பாட்டை நாம் அறிவோம்.

தொலைக்காட்சியிலும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. பிரித்தானிய விண்வெளி நகைச்சுவைத் தொடராகிய ‘ரெட் டுவார்வ்’ 1988ஆம் ஆண்டில் தொடங்கிற்று. பத்தாண்டுகளின் பின், 1998இல், அதன் முதல் மூன்று பருவங்களை ஆக்கியோர் தரப்பினரே திருத்தினர். மாதிரியுருக் கப்பலை நீக்கிக் கணினிக் கப்பலை வைத்தனர். நாடாப் படத்தைப் பிலிம்போலத் தோன்றச் செய்தனர். சில இடங்களைக் கத்தரிக்கவும் செய்தனர். அன்று புதுமையாகத் தோன்றிய அக்கணினிக் கப்பல் சில ஆண்டுகளுள் மாதிரியுருவினும் பழமையாகத் தோன்றலாயிற்று. பின்னர் டி.வி.டி. வட்டுக்கள் வந்தபோது மூலவடிவமே மீண்டும் முன்வைக்கப்பட்டது. ஆக்கியோனே செய்த திருத்தமாயினும் காலம் அதனை ஏற்காதுவிடக்கூடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. நல்லவேளையாக மூலம் அழிக்கப்படாமல் இருந்தது.

அடக்கத்துக்கு எடுத்துக்காட்டு ‘பபிலோன் 5’. 1990களில் வந்த இத்தொடரின் நடிப்புக் காட்சிகள் அகன்ற திரையையும் மனத்திற்கொண்டு பிலிமில் எடுக்கப்பட்டன; விண்வெளிக் காட்சிகளோ கணினியில், அக்காலத்து ஒடுங்கிய திரைக்கும் குறைந்த தெளிவுக்கும் ஏற்ப ஆக்கப்பட்டன. முன்னைய வட்டுக்களில் எல்லாவற்றையும் அகலத் திரைக்கு இழுத்தமையால் விண்வெளிக் காட்சிகள் மேலும் கீழும் வெட்டுண்டு தெளிவிழந்தன. 2021ஆம் ஆண்டில் வெளியிட்டோர் பேராசையை விடுத்து, முதன்முதல் ஒளிபரப்பான ஒடுங்கிய வடிவத்துக்கே திரும்பினர். பிலிம் இருந்த இடத்தில் அதனைப் புதிதாக வாசித்தனர். கணினிக் காட்சிகளை உள்ளவாறே அளவாகப் பெருக்கினர். திரையின் இருபுறமும் கருமை நிற்கும். அக்கருமை குறையன்று, தொடர் பிறந்த காலத்தின் சட்டகம்.

இதுகாறும் கூறியவை எல்லாம், மூலம் கையில் இருந்தோர் செய்தவை. மூலமே இல்லாதோர் நிலை யாது? 1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் தேதி பி.பி.சி.யில் தொடங்கிய ‘டொக்டர் ஹூ’ தொடரின் 1960களுக்குரிய பகுதிகளில் நூற்றுக்கு அண்மிய தொகையின படமாகக் கிடைக்காமற்போயின. பகைவர் எவரும் அவற்றை அழிக்கவில்லை. நாடா விலை உயர்ந்தது. மறு ஒளிபரப்புக்கான உடன்படிக்கைக் காலமோ முடிந்தது. நிறத் தொலைக்காட்சி வந்தபின் கறுப்பு வெள்ளையை யார் வேண்டுவர் என எண்ணினர். ஆதலால் நாடாவை அழித்து வேறு நிகழ்ச்சி பதிந்தனர். அலுவலக ஒழுங்கின்படியே, குறிப்பெழுதிக் கையொப்பமிட்டு, அப்பண்டம் ஒழிக்கப்பட்டது.

அதன்பின் எஞ்சியவை வந்த வழி வியப்புக்குரியது. வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்பதற்கெனப் பிலிமிற் பிரதிசெய்யப்பட்ட சுருள்கள் உலகின் மூலைமுடுக்குகளிற் கிடந்தன. முழுமையாக மறைந்ததெனக் கருதப்பட்ட நான்கு பகுதிக் கதையொன்று ஹொங்கொங்கிலிருந்து 1992ஆம் ஆண்டில் மீண்டது. 2013ஆம் ஆண்டில் நைஜீரியாவிலிருந்து ஒன்பது பகுதிகள் மீண்ட செய்தி அறிவிக்கப்பட்டது. படம் அழிந்த பகுதிகள் அனைத்துக்கும் ஒலிமட்டும் உண்டு. எவ்வாறெனில், 1960களில் வீடுகளில் இருந்த இளைஞர் சிலர் தொலைக்காட்சிப் பெட்டியினின்று வந்த ஒலியைத் தம்மிடமிருந்த ஒலிப்பதிவுக் கருவிகளிற் பதிந்து வைத்திருந்தனர். பெரிய நிறுவனம் காவாததைப் பள்ளிப் பிராயத்தினர் காத்தனர்! மாணவர்கள் இதனை ஊன்றிக் கருதுவார்களாக.

தற்செயலும் சிலவிடத்து உதவிற்று. 1970ஆம் ஆண்டில் அத்தொடரின் கதையொன்று, நிலையத்தில் நிகழ்ந்த தொழிற்பிணக்கால், கலையகத்தை விடுத்து முழுவதும் வெளியிடங்களில் 16 மில்லிமீற்றர்ப் பிலிமில் எடுக்கப்பட்டது. அதனால் 2013ஆம் ஆண்டில் அதனை உண்மையான உயர்தெளிவில் வெளியிட முடிந்தது. 1973ஆம் ஆண்டின் வேறொரு கதையில் ஒரு பகுதி கறுப்பு வெள்ளைப் பிரதியாக மட்டுமே எஞ்சியது. அப்பிரதியில் நிறக் குறிப்புக்கள் நுண்ணிய புள்ளிகளாகப் படிந்திருந்தமையைக் கண்டு, கணினியால் அவற்றை வாசித்து, பிற முறைகளின் துணையும் கொண்டு 2009ஆம் ஆண்டில் நிறத்தோடு வெளியிட்டனர். மங்கலெனவும் மாசெனவும் எவரேனும் அப்புள்ளிகளைத் துடைத்திருந்தால் அந்நிறம் என்றைக்கும் மீண்டிராது.

இனி இன்றைய ஆபத்துக்கு வருவோம். பிலிமைத் தேடும் உழைப்பும் செலவும் இன்றி, மங்கிய நாடாப் படத்தைச் செயற்கை நுண்ணறிவாற் கூர்மையாக்கி ‘உயர்தெளிவு’ எனப் பெயரிடும் வழக்கம் பரவி வருகின்றது. இங்கே நிகழ்வது மீட்பன்று, ஊகம். பல்லாயிரம் வேறு முகங்களைக் கண்டு பழகிய இயந்திரம், இம்மங்கலில் இருந்திருக்கக்கூடிய கண் இது, மூக்கு இது என ஊகித்து வரைகின்றது. வரைந்தது அழகாக இருத்தல் கூடும். அது மெய் என்பதற்கோ உறுதி இல்லை.

இம்மலருக்குப் படங்கள் திரட்டிய காலத்தில் இதன் உண்மையை நேரிற் கண்டேன். 1962ஆம் ஆண்டின் உதைபந்தாட்டக் குழுவின் படமொன்று பழைய மாணவர் ஒருவர் வீட்டிலிருந்து கிடைத்தது. முகங்கள் மங்கியிருந்தமையால், ஒரு கடையிற் கொடுத்து இயந்திரத்தால் தெளிவாக்கிப் பெற்றோம். அழகிய படம்; பதினைந்து பேரின் முகமும் நேற்று எடுத்ததுபோல் விளங்கின. அக்குழுவில் ஆடிய, எண்பதைக் கடந்த பெரியவர் ஒருவரிடம் மகிழ்ச்சியோடு அதனைக் காட்டினோம். அவர் கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டு நெடுநேரம் நோக்கினார். பின்பு, “சேட்டு என்ரைதான் தம்பி, ஆனால் இது என்ரை முகமில்லை” என்றார். சிறிது பொறுத்து, தமக்கருகில் நின்ற உருவத்தைத் தொட்டு, “இவன் என்னோடை படிச்சவன். இப்ப இல்லை. இதிலையும் இல்லை” என்றார். பழைய மங்கற் படத்தை எடுத்துக் கொடுத்தோம். அதில் இருவரையும் அவர் உடனே இனங்கண்டார். மங்கலான அந்தப் படமே இம்மலரில் இடம்பெறல் வேண்டும் என ஆசிரியர் குழுவை வேண்டிக்கொண்டேன், அவர்களும் இசைந்தனர்.

“பொழுதுபோக்குத் தொடருக்கு இவ்வளவு கண்டிப்பு எதற்கு? காண்போர் மகிழ்ந்தாற் போதாதோ?” என்று சிலர் கேட்பர். காண்போர் மகிழவேண்டும் என்பதை மறுக்கவில்லை. சிறுவனொருவன் புதிய கப்பலைக் கண்டு கவர்ச்சியுற்று அத்தொடரைப் பார்க்கத் தொடங்கினால் அதுவும் நன்மையே. மூலத்தை மாத்திரம் வைத்துப் பூட்டிவைத்தலும் பேணலன்று. படிக்கப்படாத ஏடு செல்லுக்கு இரையாவது திண்ணம். ஆனால் மகிழ்விப்பதற்கும் மாற்றியதை மறைப்பதற்கும் தொடர்பில்லை. ‘இன்ன ஆண்டில் இன்னது மாற்றப்பட்டது; மூலம் இங்கே உளது’ என்று ஒரு வரி எழுதுவதால் எவர் மகிழ்ச்சியும் குன்றாது.

எனவே, எத்தொடரைப் புதுப்பிப்போரும் மூன்று ஒழுங்குகளைக் கைக்கொள்ளல் வேண்டும் என்பது எனது துணிபு. மூலம் இருக்குமிடத்து மூலத்திலிருந்தே தொடங்குக. மாற்றியதை மாற்றியதென வெளிப்படச் சொல்லுக; மாறாததையும் உடன் கொடுக்க. வேலை முடிந்தபின்பும் மூலச் சுருளை எறியாது காக்க. மூன்றாவதே தலையாயது. நாளை இன்றையதினும் நுட்பமான கருவி வரும். அப்போது மூலம் இருந்தால் மீண்டும் தொடங்கலாம். இல்லையேல் நமது இன்றைய பிழையே அவர்களுக்கு மூலமாகும்.

மூலத்தை இழத்தல் யாதென நமக்கு ஒருவர் கற்பிக்க வேண்டுவதில்லை. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் கையெழுத்துப் படிகளும் சாம்பலாயின. அது பகையால் நேர்ந்த அழிவு. லண்டனில் நாடாக்கள் அழிந்தது அசிரத்தையால். இரண்டும் ஒன்றல்ல. எனினும், பகையைத் தடுக்க நம்மால் எப்போதும் இயலாது. அசிரத்தையைத் தடுக்க நம்மால் இயலும்.

ஆகவே, இவ்விழாக் காலத்திற் பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். உங்கள் வீட்டுப் பெட்டியிற் கல்லூரி நாடகத்தின் ஒலிநாடா கிடக்கலாம். பரிசளிப்பு விழாவின் நெகட்டிவ் கிடக்கலாம். விளையாட்டுப் போட்டியின் வீடியோ நாடா பூஞ்சணம் பிடித்துக் கிடக்கலாம். கணினியிற் பிரதி எடுத்தாயிற்று என்று அவற்றைக் குப்பையில் இடாதீர்கள். பின்புறத்தில் ஆண்டையும் பெயர்களையும் பென்சிலால் எழுதி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள்; அல்லது கல்லூரி நூலகத்திற் கொண்டுவந்து ஒப்படையுங்கள். நூலகமும் அவற்றுக்கென ஓர் அலுமாரியையும் ஒரு பதிவேட்டையும் ஒதுக்குதல் வேண்டும். மாணவர்கள் அப்பதிவேட்டை எழுதப் பழகட்டும். அறுபது ஆண்டின் பின் யாரோ ஒருவர் கண்ணாடியை அணிந்துகொண்டு ஒரு படத்தை நோக்கி, “இது நான்தான்” என்று சொல்லத்தக்கதாக நாம் அதனைக் கையளிப்போமாக.